65 வாட் சார்ஜரிலும் டேப்லெட் மெதுவாக ஏறுவது ஏன்?

ஃபோனோடு வந்த 65 வாட் சார்ஜரில் போட்டும் உங்கள் டேப்லெட் சார்ஜ் ஏற நாலு மணி நேரம் ஆகிறது, காரைக்குடி வீட்டு லோ வோல்டேஜ்தான் காரணமா என்று கேட்கிறீர்கள். அது காரணமில்லை. சார்ஜரில் ‘இன்புட் 100–240 வோல்ட்’ என்று அச்சிட்டிருந்தால், மின்விசிறி தள்ளாடும் 170 வோல்ட்டிலும் அது சரியாகவே வேலை செய்யும்.

ஃபோனோடு வந்த 65 வாட் சார்ஜர் என்கிறீர்களே, சந்தேகம் அங்கேதான். சில ஃபோன் கம்பெனிகளின் அதிவேக சார்ஜிங் அவர்களுடைய சாதனங்களுக்கு மட்டும். வேறு டேப்லெட்டைச் சொருகினால் 5 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது வெறும் 10 வாட்டுக்கு இறங்கிவிடலாம். உங்கள் 8000 எம்ஏஎச் பேட்டரிக்கு நாலு மணி நேரம் ஆகத்தான் செய்யும்.

சார்ஜரின் அவுட்புட் வரியில் ‘பிடி’ (PD, அதாவது பவர் டெலிவரி; பல கம்பெனிகளுக்கும் பொதுவான அதிவேக சார்ஜிங் முறை) என்றும் 9 வோல்ட் என்றும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஒரு பிடி சார்ஜரை, இருமுனையும் டைப்-சி உள்ள கேபிளோடு, இரவல் வாங்கி அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். அப்புறம் கடைக்குப் போகலாம்.

டேப்லெட்டே 10 வாட் மட்டும் ஏற்கும் மாடல் என்றால் எந்தச் சார்ஜரும் உதவாது. புதிதாக வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.