எல்.கே.ஜி. படிக்கும் குழந்தை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தடுமாறினால் எப்படிப் பழக்குவது?

உங்கள் மகள் பெரிய எழுத்துகளைத் தவறின்றிச் சொல்கிறாள், சிறிய எழுத்துகளைக் காட்டினால் விழிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரு அல்சூரில் மழலையர் வகுப்பெடுக்கும் நான் ஆண்டுதோறும் பார்ப்பதுதான் இது, கவலை வேண்டாம். வீட்டுத் தமிழிலும் தெருவில் காணும் கன்னடத்திலும் ஓர் எழுத்துக்குப் பெரியது, சிறியது என இரண்டு உருவங்கள் கிடையாது. கடைப் பலகைகளில் கன்னடத்தோடு வரும் ஆங்கிலமும் பெரும்பாலும் பெரிய எழுத்துகளிலேயே இருப்பதால், குழந்தையின் கண்ணில் அவையே முதலில் பதிகின்றன. கதைப் புத்தகத்தைத் திறந்தாலோ, வாக்கியத்தின் முதல் எழுத்தையும் பெயர்களின் முதல் எழுத்தையும் விட்டால் ஏறக்குறைய எல்லாமே சிறிய எழுத்துகள்.

ஏ முதல் இசட் வரை வரிசையாக 26 இணைகளையும் ஒப்பிக்க வைக்காதீர்கள். சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இசட் ஆகிய ஏழும் அளவில் மட்டுமே மாறுபவை. அவற்றை இரண்டே நாளில் முடித்துவிடலாம். அடுத்து அவளுடைய பெயரிலுள்ள எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ, ஜி, ஆர், கியூ போன்றவற்றில் உருவமே மாறிவிடுவதால், நான்கு இணைகளுக்கு மட்டும் அட்டை வெட்டி, தரையில் கலைத்துப் போட்டு ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். ஏ, ஜி இரண்டிலும் இன்னொரு சிக்கல் உண்டு: பல புத்தகங்களில் அச்சாகும் சிறிய எழுத்தும் நாம் கையால் எழுதுவதும் வேறு வேறு வடிவங்கள். இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டிவிடுங்கள். பெரியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

மிகுந்த பொறுமை தேவைப்படுவது, ‘பஸ்’ஸின் முதலெழுத்தான பி-யும் ‘டோர்’ என்பதன் முதலெழுத்தான டி-யும் வரும்போதுதான். சிறிய எழுத்தில் ஒன்று மற்றொன்றின் கண்ணாடி உருவம். ஆறேழு வயது வரை இவை மாறிப்போவது இயல்பு. இரண்டையும் ஒரே நாளில் கற்பிப்பதை நான் ஏற்பதில்லை. சிலேட்டில் பெரிய பி-யை எழுதி அதன் மேல் வளைவை மட்டும் விரலால் அழித்தால், மிஞ்சுவது சிறிய பி. அதைக் குழந்தையே அழித்துப் பார்க்கட்டும். அது நன்றாகப் பதிந்து சில வாரங்கள் ஆன பிறகு டி-யைக் காட்டுங்கள்.

நான்கு கோடு நோட்டில் எழுத வைப்பதற்கு அவசரம் வேண்டாம். எழுத்தை அடையாளம் கண்டபின், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தின் மேல், எழுதும் திசையிலேயே விரலை ஓட்டப் பழக்கினால் பென்சில் பிடிக்கும்போது கை தயங்காது.