வெளியூரில் நோயுற்றால் பெற்றோருக்கு எப்படி எழுதுவது?

தனியாக வெளியூரில் இருக்கும்போது உடல்நிலை கெட்டுவிட்டது, வீட்டுக்குச் சொன்னால் பதறுவார்கள், சொல்லாமல் இருக்கவும் மனம் வரவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லிவிடுங்கள், கூடுமானவரை எழுத்தில் சொல்லுங்கள். வேலை நிமித்தம் வீட்டை விட்டு வெகுதொலைவில் இருந்தபோது எனக்கு டெங்கு வந்து மருத்துவமனையில் சேர்ந்தேன். அப்போது பெற்றோருக்கு எழுதிய அனுபவத்தைக் கொண்டே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

தொலைபேசியில் பேசினால் நம் குரலே முதலில் அவர்களைக் கலங்கடித்துவிடுகிறது. வறண்ட தொண்டையிலிருந்து வரும் இரண்டு சொற்களைக் கேட்டு அம்மா அழத் தொடங்கிவிட்டால், மருத்துவர் சொன்னது எதுவும் அதன் பிறகு அவர் மனதில் ஏறாது. எழுதியதையோ நிதானமாக மறுபடியும் படிக்கலாம், தெரிந்த மருத்துவரிடம் காட்டி விளக்கம் கேட்கலாம்.

முதல் வரியிலேயே நோயின் பெயரையும் நீங்கள் இப்போது இருக்கும் நிலையையும் எழுதிவிடுங்கள். 'பயப்படாதீர்கள்' என்று தொடங்கினால் பயம்தான் முதலில் வரும். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: "அப்பா, அம்மா, எனக்கு டெங்கு என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறேன். ஒரு கையில் ட்ரிப்ஸ் ஏறுகிறது. எழுந்து உட்கார்ந்து நானேதான் இதை எழுதுகிறேன். அறை நண்பர் உடன் இருக்கிறார், அவருடைய எண் கீழே இருக்கிறது. நாளைக் காலை பரிசோதனை முடிவு வந்ததும் மறுபடி எழுதுகிறேன்." அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அடுத்த செய்தி எப்போது வரும் என்று தெரிந்தால்தான் அவர்கள் இரவில் சிறிதேனும் கண்மூட முடியும்.

நல்ல செய்தியையும் அளவோடுதான் சொல்ல வேண்டும். காய்ச்சல் இறங்கியதும் 'சரியாகிவிட்டது' என்று எழுதத்தான் கை பரபரக்கும். ஆனால் டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் 2 முதல் 7 நாள் வரை இருந்து, அது விடும் தறுவாயில்தான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் குறையும் ஆபத்து வருகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரம் கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறுகளில் இரத்தக் கசிவு போன்றவை தென்படுகின்றனவா என்று உன்னிப்பாகக் கவனிப்பார்கள். ஆகவே, 'காய்ச்சல் விட்டிருக்கிறது, ஆனால் இன்னும் சில நாள் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்கிறார் மருத்துவர்' என்றே எழுதினேன். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையைச் சொல்லும்போதும் வெறும் எண்ணோடு நிறுத்தாமல், ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இயல்பு என்பதையும், நேற்றைவிட ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம் உடம்பைப் பற்றி நமக்கே தெரியாத செய்திகள் பெற்றோரிடம் இருக்கின்றன என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று மருத்துவர் கேட்டதை அப்படியே எழுதிக் கேட்டிருந்தேன். சிறு வயதில் பென்சிலின் ஊசி போட்ட அன்று உடம்பெங்கும் தடித்து மூச்சு வாங்கியது என்று அம்மா பதில் எழுதினார். செவிலியரிடம் அதைக் காட்டியதும், என் மருத்துவக் குறிப்பேட்டின் மேல் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிக் கட்டம் போட்டுவிட்டார். அப்பாவோ, தம் பங்குக்கு, குடும்பத்தில் யார் யாருக்கு என்னென்ன நோய் இருக்கிறது என்று வரிசையாக எழுதி அனுப்பினார். தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மகனுக்காகச் செய்ய ஒரு காரியம் கிடைத்தது; அதற்குப் பிறகு வந்த அவர்களுடைய கடிதங்களில் பதற்றம் வெகுவாகக் குறைந்திருந்தது.

அறுவை சிகிச்சை, தீவிர சிகிச்சை என்ற நிலை வந்தால் எழுத்துக்குக் காத்திருக்கக் கூடாது; உடன் இருப்பவர் உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகும் எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். டெங்குவுக்குப் பின் சிலருக்குச் சோர்வு பல வாரங்கள் நீடிக்கும் என்பதால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பி வையுங்கள். டெங்கு வைரஸில் 4 வகைகள் உண்டு. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு மட்டுமே நீண்ட காலப் பாதுகாப்பு கிடைக்கும், பிறகு வேறு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். மறுபடி எப்போது காய்ச்சல் வந்தாலும் அந்த அறிக்கையை மருத்துவரிடம் காட்ட வேண்டியிருக்கும். அதன் பிரதி ஒன்று பெற்றோர் வீட்டிலும் இருப்பது நல்லது.