குழாயத் திறந்தா யோசெமிட்டி

கேள்வி (அமெரிக்கா, சான் பிரான்சிஸ்கோ பக்கம் மவுன்டன் வியூ வாசகர்): இங்க குழாய்த் தண்ணிய அப்படியே புடிச்சுக் குடிக்கிறோம் சார், கேனே வாங்கறதில்ல. அது யோசெமிட்டி நேஷனல் பார்க்லருந்து வர்ற தண்ணின்னு ஆபீஸ்ல சொன்னாங்க. பார்க் உள்ள எப்படி டேம் கட்ட விட்டாங்க?

பதில்: நிஜம்தாங்க. அந்த இடத்துக்குப் பேரு ஹெட்ச் ஹெட்ச்சி, துவாலமி ஆத்துப் பள்ளத்தாக்கு. யோசெமிட்டி 1890ல நேஷனல் பார்க் ஆச்சு, இந்தப் பள்ளத்தாக்கும் அதுக்குள்ளதான் இருந்துச்சு. ஆனா சான் பிரான்சிஸ்கோகாரங்க 1901லயே கண்ணு வச்சுட்டாங்க. அப்போ ஊருக்குத் தண்ணி வித்துட்டிருந்தது ஒரே ஒரு தனியார் கம்பெனி, அவங்க மேல ஜனங்களுக்குச் செம கடுப்பு, அதுல நியாயமும் இருந்துச்சு. 1906 ஏப்ரல்ல பூகம்பம் வந்து மூணு நாள் ஊரே எரிஞ்சுது, தீயணைக்கத் தண்ணி இல்ல. அத வச்சே "பாத்தீங்களா, எங்களுக்கு மலைத்தண்ணி வேணும்"னு ஆரம்பிச்சுட்டாங்க. உண்மைல அன்னிக்கு ஊருக்குள்ள பூமிக்கடியில இருந்த பைப்பெல்லாம் ஒடஞ்சு போச்சு, எந்த மலைலருந்து வந்திருந்தாலும் தண்ணி தெருக்குழாய் வரைக்கும் வந்திருக்காது. இத அப்போ யாரு கேக்கறா?

1913ல அங்க டேம் கட்ட அனுமதி குடுக்கற ரேக்கர் சட்டம்னு ஒண்ணு அமெரிக்க காங்கிரஸ்ல, அதாவது அவங்க பார்லிமென்ட்ல பாஸாச்சு, செனட்ல 43க்கு 25, டிசம்பர் 19ம் தேதி ஜனாதிபதி வில்சன் கையெழுத்துப் போட்டார். டேம் 1923ல முடிஞ்சுது, அப்புறம் 1938ல இன்னும் ஒசத்துனாங்க. நடுவுல 1934லதான் முதல் தண்ணி ஊர்ப்பக்கம் வந்து சேந்துச்சு. 167 மைல், பெரும்பாலும் பம்ப்பே இல்லாம சரிவுலயே ஓடி வருது, இஞ்சினியரிங்ல குறை சொல்ல முடியாது.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): தவிச்ச வாய்க்குத் தண்ணி தர்றதவிட காட்டுல நாலு பேரு வேடிக்கை பாக்கறது முக்கியமா?

பதில்: இதே கேள்வியத்தான் 1913லயும் கேட்டாங்க. இது காட்டுக்காரனுக்கும் ஊர்க்காரனுக்கும் நடந்த சண்டைன்னு நெனச்சிராதீங்க. டேம் வேணும்னு முன்னாடி நின்னது கிஃபர்ட் பின்ஷோ, அமெரிக்க வனத்துறையோட முதல் தலைவர்! வேணாம்னு நின்னது ஜான் மியூர், சியரா கிளப்ங்கற இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தோட முதல் தலைவர். ரெண்டு பேரும் ஒருகாலத்துல ஒண்ணா காட்டுல சுத்தினவங்க.

தவிச்ச வாய்ங்கறது சரி. ஆனா தண்ணி வேற எங்கயுமே கிடைக்கலையாங்கறதுதான் கேள்வி. ராணுவ இஞ்சினியர்கள் குழு ஒண்ணு போட்டுப் பாத்தாங்க, வேற இடங்கள்லயும் போதுமான தண்ணி இருக்கு, ஆனா ஹெட்ச் ஹெட்ச்சி சுமார் 2 கோடி டாலர் மலிவுன்னு 1913ல ரிப்போர்ட் குடுத்தாங்க. மலிவு, அவ்ளோதான் விஷயம். ஏன் மலிவுன்னா, முக்கால்வாசி அரசாங்க நிலம், அதுக்குப் பத்திரம் போட்டு வாங்க வேணாம், விலை ஏத்திப் பேச ஓனருங்களும் அதிகம் இல்ல. மிவோக், பையூட்ங்கற பூர்வகுடி ஜனங்க தலைமுறை தலைமுறையா அங்க ஓக் கொட்டை பொறுக்கிட்டிருந்தாங்க, அவங்கள யாரும் ஓனரா எண்ணவே இல்ல. பார்க்குன்னு பாதுகாத்து வச்சதே அந்த நிலத்த எடுக்கறதுக்கு வசதியாப் போச்சு. இதுல கூத்து என்னன்னா சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு எதிர்க்கரைல ஓக்லாந்து பக்கத்துக்காரங்க பார்க்குக்கு வெளிய மோக்கலம்னி ஆத்துல 1929ல டேம் கட்டி இன்னிவரைக்கும் அதக் குடிச்சிட்டிருக்காங்க, அவங்க ஒண்ணும் தாகத்துல சாகல.

பையன் வீட்டுக்குப் போனப்போ ஒரு ஏப்ரல் கடைசில நானும் போய்ப் பாத்தேன். சாயங்காலம் கேட்ட சாத்திருவாங்க, அதனால விடியறதுக்கு முன்னாடியே கெளம்பணும். டேம் மேல நடந்தா எதுத்தாப்புல ரெண்டு அருவி விழுது, சத்தம் காதுல நிறையுது, கீழ அசையாத தண்ணி. கால் நனைக்கக்கூட விடமாட்டாங்க, குளிக்கக்கூடாது படகு விடக்கூடாது. பாறைல தண்ணி ஏறி இறங்கின எடத்துல நம்ம பாத்ரூம் பக்கெட்ல உப்புப் படிஞ்சா மாதிரி சுத்திலும் ஒரு வெள்ளைக் கோடு. 300 அடிக்குக் கீழ புல்வெளி இருந்துச்சுன்னு பையன்கிட்ட சொன்னேன், அவன் போன்லருந்து நிமிரல.

மியூர் 1914 டிசம்பர்ல செத்துட்டார், கையெழுத்தாகி ஒரு வருஷம்தான். ஆனா அந்தத் தோல்விய நாடு பூரா பேசுச்சு, 1916ல நேஷனல் பார்க் சர்வீஸ்னு தனித்துறையே வந்துச்சு.

கேள்வி (மும்பை முலுண்ட் வாசகி): எங்க சஞ்சய் காந்தி நேஷனல் பார்க்லயும் ஏரி இருக்கே, அதுவும் தப்பா?

பதில்: உங்க ஊர்க் கதை தலைகீழ்ங்க! விஹார் ஏரி 1860, துளசி ஏரி 1879, பார்க்குங்கற பேச்சே அப்போ கிடையாது. குடிதண்ணி கெட்டுடக்கூடாதுன்னு சுத்தி இருந்த நீர்பிடிப்புக் காட்ட அடைச்சு வச்சாங்க, அந்தக் காடு மிஞ்சுனதுக்கு அதுவும் ஒரு காரணம். இன்னிக்கு அபார்ட்மென்ட் பின்னாடி சிறுத்தை நடக்குதுன்னா கொஞ்சம் நன்றி அந்த ஏரிக்கும் சொல்லலாம்.

கேள்வி (ஒகேனக்கல் பக்கத்து வாசகர்): மேகதாட்டு?

பதில்: வருவீங்கன்னு தெரியும். அணை வரப்போறதா சொல்ற எடம் காவிரி வனவிலங்கு சரணாலயம். பெங்களூருக் குடிதண்ணிக்குன்னு சொல்றது 4.75 டிஎம்சி, அணையோட கொள்ளளவு 67.16 டிஎம்சி. நம்மாளுங்க பங்குத் தண்ணியப் பத்தித் தொண்டை கிழியப் பேசறோம், பேசணும்தான். ஆனா முங்கப்போற காட்டப் பத்தி மேடைல ஒரு வரி வருதான்னு காதத் தீட்டிட்டுக் கேளுங்க.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): அந்த ஹெட்ச் ஹெட்ச்சி டேம எடுத்துட முடியாதா? சிறுவாணிக்கு நம்ம கேரளாவுக்குக் காசு கட்டறோம், சான் பிரான்சிஸ்கோ எவ்ளோ கட்டுது?

பதில்: எடுக்கலாம்னு 1987ல ஜனாதிபதி ரீகனோட உள்துறைச் செயலர் (அங்க நேஷனல் பார்க்கெல்லாம் அந்தத் துறைக்குக் கீழதான்) ஹோடெல்லே சொன்னார், ஊரே சண்டைக்கு வந்துச்சு. அதே ஆத்துல கீழ டான் பெட்ரோன்னு இதவிட அஞ்சு மடங்குக்கு மேல பெரிய நீர்த்தேக்கம் இருக்கு, தண்ணிய அங்க புடிக்கலாம்ங்கறாங்க, ஆனா கரண்டு கொஞ்சம் போகும், இப்போ ஃபில்டர் பண்ணாமலே குடிக்கிற தண்ணிய ஃபில்டர் பண்ண வேண்டி வரும். 2012ல இதப் பத்தி ஒரு திட்டம் மட்டும் போட்டுப் பாக்கலாமான்னு ஊர்ல ஓட்டு வச்சாங்க, நாலுல மூணு பங்குக்கு மேல வேணாம்னுட்டாங்க. சுற்றுச்சூழல்னா உயிரக் குடுக்கற ஊரு அது, சொந்தக் குழாய்னு வந்தா நம்மள மாதிரிதான்.

வாடகையா? ரேக்கர் சட்டத்துல எழுதினபடி வருஷத்துக்கு 30,000 டாலர். மாசத்துக்கு இல்ல, வருஷத்துக்கு. உங்க பையன் அங்க ஒத்த பெட்ரூம் வீட்டுல இருந்தா அவன் எவ்ளோ கட்டறான்னு கேட்டுப் பாருங்க.