கோய் பிளா (தாய்லாந்துப் பச்சை மீன் உணவு) சாப்பிட்டதற்கு ஒரு பூச்சி மாத்திரை போதுமா?

போதாது. நீங்கள் போட்ட ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை குடல் புழுவுக்குச் சரி. பச்சை மீனிலிருந்து வரும் ஈரல் தட்டைப்புழு பித்தக்குழாயில் இருப்பது. அதற்குப் பிராசிகுவான்டெல்தான் முதல் மருந்து. உங்கள் எடையைப் பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும்.

தாய்லாந்தின் கோன் கேன் பக்கம் கோய் பிளாவைப் பச்சை ஆற்று மீனைக் கொத்தித்தான் செய்கிறார்கள். எலுமிச்சைச் சாறு பட்டதும் சதை வெளுத்து, வெந்த மாதிரியே தெரியும். உள்ளே இருக்கும் புழுவின் லார்வா (இளம் புழு) அதில் சாகாது.

கடைசியாகச் சாப்பிட்டு நான்கு வாரம் கழித்து மலப் பரிசோதனை செய்து பாருங்கள். அதற்கு முன்னால் புழுவின் முட்டை தெரியாமல் போகலாம். ஒருமுறை 'இல்லை' என்று வந்தாலும் இன்னொரு முறை கொடுங்கள்.

குணமான பிறகும் பச்சை மீன் தின்றால் திரும்ப வரும். வருடக்கணக்கில் இப்படியே போனால் பித்தக்குழாய்ப் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடலாம். கண் மஞ்சளானால் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.