புகை போன வழி: ஏசி டக்ட் சுத்தம் குறித்துச் சில கேள்விகள்

தீவிபத்துக்குப் பிறகு வணிகக் கட்டிடங்களின் காற்றோட்ட அமைப்பை, குறிப்பாகக் குளிர்காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்களான டக்டுகளைச் சுத்தம் செய்வது குறித்து வந்த கேள்விகளுக்கு, இத்தொழிலில் நெடுநாள் இருப்பவன் என்ற முறையில் பதிலளிக்கிறேன்.

கேள்வி (பராமரிப்பு மேலாளர், சென்னை): எங்கள் ஏழு மாடி அலுவலகத்தின் இரண்டாம் தளத்தில் எலக்ட்ரிக்கல் பேனல் அறை எரிந்துவிட்டது. மற்ற தளங்களுக்குச் சேதமில்லை. நாற்றம் வெளியேறுவதற்காக, குளிரூட்டலை நிறுத்திவிட்டு, காற்றைத் தள்ளும் விசிறியான புளோயரை மட்டும் ஓடவிடலாமா?

பதில்: ஓடவிட வேண்டாம். புகைக்கரியின் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியவை, காற்றைக் குளிர்வித்து டக்டுக்குள் அனுப்பும் இயந்திரமான ஏ.எச்.யு.வில் உள்ள சாதாரண ஃபில்டர் அவற்றைத் தடுக்காது. இப்போது ஒரு தளத்தில் படிந்திருக்கும் கரியைப் புளோயர் ஏழு தளங்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடும். பிரேக்கரை அணைத்துப் பூட்டுப் போடுங்கள். தானியங்கி நேர அமைப்பு இருந்தால் அதையும் நிறுத்துங்கள். ஒரு கட்டிடத்தில் இதை மறந்துவிட்டார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குப் புளோயர் தானாகவே ஓடத் தொடங்க, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நான்காம் தளத்து வெள்ளைக் கூரையில் காற்று வெளிவரும் ஒவ்வொரு டிஃப்யூசரைச் சுற்றியும் விசிறி விரித்தாற்போலக் கறுப்புப் படிந்திருந்தது.

மற்ற தளங்களுக்குச் சேதமில்லை என்ற முடிவுக்கும் அவசரப்பட்டு வந்துவிட வேண்டாம். லாஸ் வேகாஸின் எம்.ஜி.எம். கிராண்ட் ஓட்டலில் 1980 நவம்பரில் தீப்பிடித்தது கீழே சூதாட்டக் கூடம் இருந்த தளத்தில். ஆனால் இறந்த 85 பேரில் பெரும்பாலோர், படிக்கட்டுகள், லிஃப்ட் குழிகள், காற்றுக் குழாய்கள் வழியாக ஏறிய புகைக்கு மேல்மாடிகளில் பலியானவர்கள்.

கேள்வி (அதே நபர்): கிரில்லைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம், டக்ட் சுத்தமாகவே தெரிகிறது. கரி இருக்கிறதா என்பதை எப்படி உறுதி செய்வது?

பதில்: கிரில்லுக்குப் பின்னால் உள்ள நேரான பகுதி பெரும்பாலும் ஏமாற்றிவிடும். சூடான புகையிலுள்ள துகள்கள் குளிர்ந்த பரப்பைத் தேடிப் படியும் இயல்புள்ளவை என்பதால் முதலில் பார்க்க வேண்டியது, ஏ.எச்.யு.வுக்குள் காற்றைக் குளிர்விக்கும் குளிர்நீர்க் காயில். அடுத்து வளைவுகள், டக்டுக்குள் காற்றைத் திறந்து மூடும் டேம்பரின் தகடுகள், புளோயர் இறக்கைகளின் பின்பக்கம். வெள்ளைப் பருத்தித் துணியை விரலில் சுற்றி, டக்டின் உட்புறம் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு திருகின் தலையைத் துடைத்துப் பாருங்கள். சாதாரணத் தூசி பழுப்பாக, உதிரியாக வரும். புகைக்கரி கன்னங்கரேலென்று மையைப் போல ஈஷிக்கொள்ளும்.

உங்கள் கட்டிடத்தில் கரியைவிடக் கவலைக்குரியது வேறொன்று. எரிந்தவை பி.வி.சி. உறையிட்ட கேபிள்கள், அவற்றின் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். அது ஈரத்துடன் சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஜி.ஐ. தகரத்தின் துத்தநாகப் பூச்சை அது அரித்து உண்டாக்கும் துத்தநாகக் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் உப்பு என்பதால், கடலோர ஊரில் அது காய்வதே இல்லை. காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் ஓரிடத்தைத் துடைத்து, அந்த நீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் கரைசலை விடுங்கள். பால் போல் வெளுத்தால் குளோரைடு இருக்கிறது என்று கொள்ளலாம். சென்னைக் குழாய்த் தண்ணீரில் இதைச் செய்தால் புதுத் தகரமும் குற்றவாளியாகிவிடும்.

கேள்வி (மின்பொறியாளர்): ஒப்பந்ததாரர் ஒருவர் கம்ப்ரெஸ்ட் ஏர் அடித்து ஒரே இரவில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: காற்றடித்தால் கரி இடம் மாறுமே தவிர வெளியே போகாது. முறையான பணியில், டக்டைப் பகுதி பகுதியாகத் தடுத்து, ஒரு முனையில் ஹெபா ஃபில்டர் பொருத்திய உறிஞ்சு இயந்திரத்தை இணைத்து, குழாயின் உள் அழுத்தம் அறையின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்கும்படி வைத்துக்கொண்ட பிறகே மறுமுனையிலிருந்து சுழலும் பிரஷ்ஷைச் செலுத்துவார்கள். ஹெபா என்பது 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பது. சாதாரண வாக்குவம் கிளீனர் உறிஞ்சிய கரியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே விட்டுவிடும்.

முதலில் உலர் சுத்தம், பிறகே ஈரத் துடைப்பு. வரிசை மாறினால் கரி குழம்பாகிப் பரப்பில் ஏறிக்கொள்ளும். அமிலத்தைச் சமன்படுத்த மென்மையான காரக் கரைசல் போதும். காஸ்டிக் கலந்த கடுமையான திரவத்தைக் காயிலில் தெளித்தால் அலுமினியத் தகடுகள் அரித்துப்போகும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலுள்ள இடத்தையும் அவர் சுத்தம் செய்வாரா? நம் ஊர் அலுவலகங்கள் பலவற்றில் திரும்பும் காற்று குழாய் வழியாகச் செல்வதில்லை. அந்த வெற்றிடத்தின் வழியாகத்தான் ஏ.எச்.யு.வுக்குச் செல்கிறது. அதை விட்டுவிட்டு டக்டை மட்டும் துடைப்பது வீண்செலவு.

கேள்வி: உட்புறம் கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) ஒட்டிய டக்டையும் வளையும் குழாய்களையும் காப்பாற்ற முடியுமா?

பதில்: புகை ஊறிய கிளாஸ் வூலும், தீயணைப்பு நீரில் நனைந்த கிளாஸ் வூலும் திரும்பச் சுத்தமாகா. மாற்றிவிடுங்கள், வளையும் குழாய்களுக்கும் இதுவே பதில்.

கேள்வி (வாடகைதாரர்): எங்கள் தளத்தில் வாசனைத் திரவம் தெளித்து, ஓசோன் இயந்திரமும் வைத்தார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மழை பெய்ததும் நாற்றம் திரும்பிவிட்டது. ஏன்?

பதில்: நாற்றத்தின் இருப்பிடம் கரி. கரியை எடுக்காமல் காற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், ஈரப்பதம் கூடும்போது அது மீண்டும் வெளிப்படும். ஓசோன் ரப்பர் பாகங்களைக் கெடுக்கும். ஆட்கள் இருக்கும்போது அதை இயக்குவது நுரையீரலுக்குத் தீங்கு. கரி முழுவதும் போன பிறகும் மெல்லிய வாசம் மிஞ்சினால், ஆளில்லாத கட்டிடத்தில், கடைசி முயற்சியாக அதை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (மின்பொறியாளர்): தீ பரவாமல் டக்டை மூடும் ஃபயர் டேம்பர்கள் இருந்தும் புகை எப்படி மேலே வந்தது?

பதில்: உங்களுடையவை, சூட்டில் ஓர் இணைப்பு உருகி விடுபட்டதும் மூடிக்கொள்ளும் வகையாக இருந்தால் விடை எளிது. அந்த இணைப்பு ஏறக்குறைய 72 டிகிரி செல்சியஸில்தான் உருகும்; வழியிலேயே ஆறிப்போன புகை, திறந்திருக்கும் டேம்பரை எந்தத் தடையுமின்றிக் கடந்துவிடும். புகையை உணர்ந்து மோட்டாரால் மூடிக்கொள்ளும் வகைதான் அதைத் தடுக்கும். சுத்தம் செய்யும்போது ஒவ்வொரு டேம்பரையும் திறந்து மூடிப் பாருங்கள். உருகிய இணைப்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி வைத்திருப்பதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (பராமரிப்பு மேலாளர்): பணி சரியாக முடிந்ததா என்று எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: டக்ட் சுத்தம் செய்யும் நிறுவனங்களின் சங்கமான அமெரிக்காவின் நாட்கா வகுத்த தரத்தில் ஓர் அளவுகோல் உண்டு: குறிப்பிட்ட பரப்பை வடிகட்டி வழியே உறிஞ்சி எடை பார்க்கும்போது, 100 சதுர சென்டிமீட்டருக்கு 0.75 மில்லிகிராமுக்கு மேல் தூசி இருக்கக் கூடாது. ஒப்பந்தத்திலேயே இதை எழுதிக்கொண்டு, ஃபால்ஸ் சீலிங்கை மூடுவதற்கு முன் சோதியுங்கள். வெள்ளி நைட்ரேட் சோதனையையும் மறுபடி செய்யுங்கள். பிறகு கட்டிடத்தை ஓர் இரவு முழுவதும் மூடி வைத்து, காலையில் புளோயர் ஓடத் தொடங்கும் நேரத்தில் ஒருவரை உள்ளே அனுப்பி முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டாம். இத்தனை நாள் அங்கேயே நின்ற மூக்குக்கு அந்த நாற்றம் பழகிப்போயிருக்கும்.