ஐ.டி. வேலைக்கு பி.டெக்.கா, பி.எஸ்ஸி.யா? கடன் கணக்கு என்ன சொல்கிறது?

கேள்வி: என் மகள் பொறியியல் கட்-ஆஃப் 168 வாங்கியிருக்கிறாள். ஐ.டி. வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் பி.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஆண்டுக்கு 3 லட்சம் கேட்கிறார்கள். கலந்தாய்வில் போனால் பக்கத்துக் கல்லூரியில் ஐ.டி. பிரிவு கிடைக்கும்போல, பஸ்ஸும் சேர்த்து ஆண்டுக்கு 1 லட்சம். அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்ஸி. என்றால் 25,000. குடும்ப வருமானம் மாதம் 36,000. ஃபிக்ஸட் டெபாசிட் 3 லட்சம் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் பட்டம் படித்ததில்லை. எதில் சேர்ப்பது?
— வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: 3 லட்ச ரூபாய் சீட் வேண்டாம். டெபாசிட் முழுவதையும் முதல் ஆண்டுக்கே கட்டினாலும் மீதி 9 லட்சத்துக்குக் கடன் வாங்க வேண்டும். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாக வீட்டுப் பத்திரம்போல ஏதாவது ஈடு கேட்கும். வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டத் தேவையில்லை என்றாலும் தனிவட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 9 லட்சம் 11.7 லட்சமாகும். பத்தாண்டுக்கு மாதத் தவணை சுமார் 15,460. பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் புதியவர்களுக்கு ஆண்டுச் சம்பளம் பெரும்பாலும் மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் இருக்கும். கைக்கு வருகிற சுமார் 25,000-ல் வெளியூர் வாடகையும் சாப்பாடும் போக இந்தத் தவணையை எப்படிக் கட்டுவாள்?

கலந்தாய்வு சீட்டுக்கு இதே கணக்கைப் போடுங்கள். முதல் ஆண்டுக்கு டெபாசிட்டிலிருந்து 1 லட்சம், அடுத்த மூன்று ஆண்டுக்கு 3 லட்சம் கடன். 4 லட்சம் வரை ஈடும் வேண்டாம், உங்கள் பங்குப் பணமும் வேண்டாம். தவணை தொடங்கும்போது 3.9 லட்சம் நிற்கும். ஏழு ஆண்டுக்கு மாதம் சுமார் 6,470. உங்கள் ஆண்டு வருமானம் 4.32 லட்சம், அதாவது 4.5 லட்சத்துக்குள். கல்லூரிக்கு நாக் (NAAC, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) அல்லது பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. (NBA, தொழில்நுட்பப் பாடப்பிரிவுகளை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரம் இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் உள்ள வட்டியை மத்திய அரசின் மானியத் திட்டம் ஏற்கும். அப்போது தவணை 4,980-தான். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும் உங்களுக்கு உண்டு. கலந்தாய்வில் சேர்ந்தால் மட்டுமே அது கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் போச்சு. வருமானச் சான்றுக்கும் முதல் பட்டதாரி சான்றுக்கும் இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். கலந்தாய்வு நெருங்கினால் அங்கே கூட்டம் தாங்காது.

ஐ.டி. பிரிவா, கம்ப்யூட்டர் சயின்ஸா என்று மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், டி.பி.எம்.எஸ். (தரவுத்தள மேலாண்மை), நெட்வொர்க்ஸ் ஆகிய முக்கியப் பாடங்கள் இரண்டிலும் உண்டு. வேலைக்கு எடுப்பவர்களும் பெரும்பாலும் வேறுபடுத்துவதில்லை. அவர்கள் பார்ப்பது 10, 12, பட்டம் மூன்றிலும் 60 சதவீதமும், நிலுவையில் அரியர் இல்லாமையும். அரியர் பலருக்கு முதல் ஆண்டுக் கணிதத்திலேயே விழுகிறது. அது வங்கியையும் தொடும். அடுத்த ஆண்டுப் பணத்தை விடுவிக்குமுன் மதிப்பெண் பட்டியல் கேட்பார்கள்.

பி.எஸ்ஸி. கேவலமான படிப்பல்ல. மூன்று ஆண்டுக்கு 75,000, கடனே இல்லை. விப்ரோவும் டி.சி.எஸ்.ஸும் பி.எஸ்ஸி., பி.சி.ஏ. மாணவர்களுக்கென்றே தனி ஆளெடுப்பு நடத்துகின்றன. ஆனால் தொடக்கச் சம்பளம் பொறியியலைவிடக் குறைவாக இருக்கும். பி.இ. அல்லது எம்.சி.ஏ. மட்டும் கேட்கும் இடங்கள் நிறைய. எம்.சி.ஏ.வும் படித்தால் மொத்தம் ஐந்து ஆண்டு, பொறியியலைவிட ஓராண்டு கூடுதல்; அந்த ஓராண்டுச் சம்பளத்தை இழப்பதும் செலவுதான். உங்கள் வருமானம் நிலையில்லாதது என்றால் மட்டும் பி.எஸ்ஸி.யைத் தேர்ந்தெடுங்கள். அப்படியானால் கூடவே சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டத்துக்கான தகுதித் தேர்வையும் எழுதச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-லேயே அனுமதித்துவிட்டது. கணிதம் கடினமாக இருக்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணத் தள்ளுபடி உண்டு. பி.சி.ஏ. பக்கம் மனம் போனால், 2024-25 முதல் அது ஏ.ஐ.சி.டி.இ.யின் (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) கீழ் வந்திருப்பதால் கல்லூரிக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கடன் விண்ணப்பத்தை, கல்விக் கடனுக்கான வித்யாலக்ஷ்மி இணையதளத்தில் போடுங்கள். அனுமதி வரச் சில வாரம் ஆகலாம், கல்லூரியோ சேரும்போதே பணம் கேட்கும். அந்த முதல் ஆண்டு 1 லட்சத்துக்காக டெபாசிட்டை முறிக்காமல், அதன்மீதே கடன் வாங்குங்கள். டெபாசிட் வட்டியைவிடப் பொதுவாக 1 சதவீதம்தான் கூடுதல். கல்லூரியிலிருந்து நான்கு ஆண்டுக் கட்டண விவரத்தை லெட்டர்பேடில் வாங்குங்கள். அதில் ஏறாத தொகைக்கு வங்கி கடன் தராது.