மெயின்ஃப்ரேம் இல்லாமல் கோபோல் பழகுவது எப்படி? – கேள்வி பதில்

(வங்கிகள் போன்றவை பயன்படுத்தும் பெரிய கணினிதான் மெயின்ஃப்ரேம். வடசென்னையில் அந்த வேலைக்குத் தயாராகிறவர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் வங்கி மென்பொருளைக் கோபோல் என்ற நிரல்மொழியில் எழுதும் ராயபுரத்துக்காரர்.)

வியாசர்பாடியிலிருந்து: அக்கா, மாதக் கட்டணத்துக்கு மெயின்ஃப்ரேம் ஐடி தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. யாருடைய மெஷின், எந்த உரிமம் என்று தெளிவாகச் சொல்லாதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஐபிஎம் நடத்தும் இசட் எக்ஸ்ப்ளோர் என்ற கற்றல் தளம் இலவசம். நிஜமான இசட்/ஓஎஸ்ஸில் (மெயின்ஃப்ரேமின் இயங்குதளம்) உங்களுக்கே ஒரு ஐடி கிடைக்கும். விஎஸ் கோட் எடிட்டரில் ஸோவி எக்ஸ்ப்ளோரர் என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொண்டால் டேட்டாசெட் (மெயின்ஃப்ரேம் ஃபைல்) திறக்கலாம், ஜேசிஎல் (ஜாபை ஓட்டச் சொல்லும் கட்டளைகள்) சப்மிட் செய்யலாம், அவுட்புட் பார்க்கலாம். ஓபன் மெயின்ஃப்ரேம் ப்ராஜெக்ட்டின் கோபோல் பாடமும் 2020 முதல் இலவசமாகவே கிடைக்கிறது.

பெரம்பூரிலிருந்து: என்னிடம் இருப்பது பழைய லேப்டாப். நெட்டும் சரியில்லை.

தாராளமாகப் போதும். லினக்ஸில் க்னூகோபோல் என்ற இலவச கம்பைலரைப் போடுங்கள். மொழியைப் பொறுத்தவரை முக்கால்வாசி இதிலேயே பழகிவிடலாம். கம்பைல் செய்யும்போது ஐபிஎம் போக்குக்கு -std=ibm, கூடவே -debug கொடுங்கள். இந்த இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். காம்ப்-3 (எண்ணைச் சுருக்கி வைக்கும் வகை) ஃபீல்டில் எண்ணுக்குப் பதில் வெறும் ஸ்பேஸ் கிடந்து, அதை ADD செய்தால் மெயின்ஃப்ரேமில் ஜாப் எஸ்0சி7 என்ற பிழையோடு அபெண்ட் ஆகி (பாதியில் முறிந்து) நிற்கும். -debug இல்லாவிட்டால் க்னூகோபோல் அதைக் கண்டுகொள்ளாமலே ஓடிவிடலாம். வீட்டில் ஓடியதே என்று நம்பிப் போனால் இன்டர்வியூவில் மாட்டிக்கொள்வீர்கள். அப்புறம், எழுத்துகளைக் குறிக்கும் முறை லேப்டாப்பில் ஆஸ்கி, மெயின்ஃப்ரேமில் எப்சிடிக். SORT செய்தால் எழுத்தும் எண்ணும் வரும் வரிசையே மாறிவிடும்.

திருவொற்றியூரிலிருந்து: லேப்டாப்பை மெயின்ஃப்ரேம் போல நடிக்க வைக்கும் ஹெர்குலிஸ் மென்பொருளில் இசட்/ஓஎஸ் ஏற்றலாமா?

கூடாது, உரிமம் இடம் தராது. அதன் பழைய முன்னோடியான எம்விஎஸ் 3.8ஜே ஏற்றலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் அதிலுள்ள கோபோல் கம்பைலர் 1985 தரத்துக்கு முந்தையது. END-IF, EVALUATE இரண்டும் கிடையாது. ஜேசிஎல் கை பழக நல்லது. கோபோலுக்கு க்னூகோபோலே போதும்.

தண்டையார்பேட்டையிலிருந்து: குழந்தைகளுக்காக வேலையை விட்டேன். திரும்ப வர டிபி2 (டேட்டாபேஸ்), சிஐசிஎஸ் (திரைவழிப் பரிவர்த்தனைகளை நடத்தும் மென்பொருள்) பழக வேண்டும்.

நல்ல முடிவு மேடம். டிபி2-வின் கம்யூனிட்டி எடிஷன் இலவசம், எஸ்க்யூஎல் தூசு தட்ட அது போதும். சிஐசிஎஸ்தான் கொஞ்சம் கஷ்டம். ஹெர்குலிஸில் சிஐசிஎஸ் போலவே கிக்ஸ் என்று ஒன்று ஓடும். மேப் (திரை வடிவம்) போடுவது, SEND, RECEIVE எல்லாம் அதில் எழுதிப் பார்க்கலாம். முதலில் இசட் எக்ஸ்ப்ளோரில் பதிந்து, ஒரு ஜேசிஎல்லையாவது ரிட்டர்ன் கோட் 0 (பிழையில்லை) வரும்வரை ஓட்டுங்கள். பழைய கை உடனே திரும்பிவிடும்.